எண்பத்திரண்டில் திறக்க வேண்டும்

"தண்ணீரில் போட்ட பொருளைத் திருப்பி எடுக்கமாட்டோம்" என்று என் கடைச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன். புதிதாக வருகிறவர்கள் படித்துவிட்டுச் சிரிப்பார்கள். வண்டி உதிரி பாகம் விற்கிற கடையில் யார் பொருளைத் தண்ணீரில் போடப்போகிறார்கள் என்று கேட்பார்கள். போட்டார் ஒரு மனிதர். வெறும் தண்ணீரில் இல்லை, கொதிக்கிற தண்ணீரில். போட்டுப் பார்த்து, எடுத்துத் துடைத்து, அதே அட்டைப்பெட்டிக்குள் வைத்து, "இது சரியில்லங்க" என்று மூன்று முறை திருப்பிக் கொண்டுவந்தார். எனக்கு இருக்கிற கோபத்துக்கு நான் அவரை அன்றைக்கே விரட்டியிருக்க வேண்டும். ஏன் விரட்டவில்லை என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

அவரை எல்லோரும் டிகிரி சார் என்பார்கள். வானிலை நிலையத்தில் முப்பத்துநான்கு வருஷம் அளவு எடுக்கிற வேலை. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியே போய், வெள்ளைப் பெட்டியைத் திறந்து, வெப்பமானியைப் பார்த்து, நோட்டில் எழுத வேண்டும். மழை பெய்தால் மழையையும் அளக்க வேண்டும். ஓய்வு பெற்ற பிறகும் பழக்கம் போகவில்லை. "இன்னைக்கு என்ன வெயில் சார்!" என்று யாராவது சும்மா பேச்சுக்குச் சொன்னால், "முப்பத்தேழு புள்ளி நாலு" என்று பதில் வரும். அதற்கு மேல் பேச்சை எப்படி வளர்ப்பது என்று அவருக்கும் தெரியாது, கேட்டவருக்கும் தெரியாது. அதனால் அவரோடு யாரும் அதிகம் பேசுவதில்லை.

மனைவி இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது. ஒரே மகள். அவள் இருப்பது மலையைத் தாண்டி முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால், பெரிய நகரத்தில். சாரிடம் ஒரு பழைய டீசல் வேன் உண்டு. நிலையத்தில் இருபது வருஷம் ஓடிக் களைத்ததை அலுவலகம் கழித்துக் கட்டியபோது இவர் வாங்கிக்கொண்டார். அந்த வேனுக்கும் இவருக்கும் பொருத்தம் நன்றாகவே இருந்தது. இரண்டும் அதிகம் சத்தம் போடாது, இரண்டையும் தேடி யாரும் வருவதில்லை.

என் கடையை ஒட்டி இருக்கிற கொட்டகை என் தம்பியுடையது. அவன் மெக்கானிக். அவன் கழற்றுவான், நான் விற்பேன். எங்களுக்குள் சண்டை இல்லாமல் ஒரு நாள் கழிந்தால் இருவரில் யாருக்கோ காய்ச்சல் என்று அர்த்தம்.

அன்று டிகிரி சார் கடைக்குள் வந்து, கூரையிலிருந்து தொங்குகிற ஃபேன் பெல்ட்டுகள் தலையில் இடிக்காமல் குனிந்து, கல்லா மேசையில் ஒரு நோட்டை விரித்தார். பக்கம் முழுக்க எண்கள்.

"கடைக்காரம்மா, என் வண்டிக்கு ஒரு தெர்மோஸ்டாட் வேணும். நல்லதா வேணும்."

"எல்லாம் நல்லதுதான் சார். கெட்டதை நான் எதுக்கு விக்கப்போறேன்?"

அவர் சிரிக்கவில்லை. நோட்டைக் காட்டினார். பத்து நாளாக வேனை எடுத்துக்கொண்டு போய், ஐந்து கிலோமீட்டருக்கு ஒருமுறை நிறுத்தி, என்ஜின் தண்ணீரின் சூட்டை அளந்து எழுதியிருக்கிறார். சமதளத்தில் ஐம்பத்தெட்டு, அறுபது. வண்டி சூடாகவே இல்லை. நகரத்துச் சாலையில் இருக்கிற சின்ன ஏற்றத்தில் ஏற ஆரம்பித்ததும் எழுபத்தொன்பது, தொண்ணூறு, நூற்று மூன்று. அங்கே நிறுத்திவிட்டுத் திரும்பி வந்திருக்கிறார்.

"கீழ குளிருது, மேல கொதிக்குது. நடுவுல நிக்கவே மாட்டேங்குது. தண்ணிக்கு வழி விடற இடத்துலதான் கோளாறுன்னு தோணுது" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. கொட்டகைப் பக்கம் திரும்பிக் கத்தினேன். "டேய்! டிகிரி சார் வண்டில தெர்மோஸ்டாட் இருக்கா இல்லையா?"

"அதை அப்பவே கழட்டி எறிஞ்சாச்சுக்கா!" என்றான் தம்பி, ஏதோ பரிசு வாங்கிய பெருமையோடு. "ஆறு வருஷம் இருக்கும். இறுகிப் போயிருந்துச்சு. இந்த வெயிலுக்கு அது எதுக்கு? தண்ணி நல்லா ஓடட்டும்னு விட்டுட்டேன்."

இதை அவன் மட்டும் செய்வதில்லை. எங்கள் பக்கத்து மெக்கானிக் எல்லோரும் செய்வதுதான். என்ஜின் சூடானால் முதலில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றித் தூக்கிப் போடுவார்கள். வண்டியும் கொஞ்ச நாள் நன்றாகத்தான் ஓடும். ஆனால் எல்லா என்ஜினும் ஒரே மாதிரி இல்லையே! நான் மேசைக்கு அடியில் கிடந்த பழைய பாகப் புத்தகத்தை எடுத்து, தூசி தட்டி, இவருடைய வேனின் பக்கத்தைத் தேடிப் பிடித்தேன். படத்திலேயே இருந்தது. அந்த என்ஜினில் தண்ணீருக்கு இரண்டு வழி. ஒன்று என்ஜினுக்குள்ளேயே சுற்றிவருகிற குறுக்கு வழி. இன்னொன்று ரேடியேட்டர் வரை போய் ஆறிவருகிற சுற்று வழி. தெர்மோஸ்டாட் அந்த இரண்டுக்கும் காவலாளி. வண்டி சூடாகும்வரை சுற்று வழியை மூடி வைக்கும். சூடானதும் அதைத் திறந்துவிட்டு, கீழே இருக்கிற ஒரு தட்டால் குறுக்கு வழியை அடைத்துவிடும். காவலாளியே இல்லையென்றால் இரண்டும் எப்போதும் திறந்தே கிடக்கும். பாதித் தண்ணீர் ஆறாமலேயே உள்ளே சுற்றும். சமதளத்தில் மீதித் தண்ணீர் ஆறுவதே போதும், வண்டி சூடாகவே ஆகாது. மலை ஏறினால் பொங்கிவிடும்.

தம்பி புத்தகத்தை எட்டிப் பார்த்தான். இரண்டு முறை பார்த்தான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எனக்குத் தெரியாதுக்கா" என்றான். இந்த வண்டி சூடாகிறது என்று ரேடியேட்டர் மாற்றினான், மூடி மாற்றினான், வாட்டர் பம்ப் மாற்றினான், நான்கு வருஷமாக எதையெதையோ மாற்றினான். எல்லாவற்றையும் விற்றவள் நான்தான். அவனை மட்டும் திட்டி என்ன பிரயோஜனம்? இருந்தாலும் திட்டினேன்.

சார் எங்கள் இருவரையும் பார்த்து, "விடுங்க. இப்ப தெரிஞ்சுதே" என்றார். நான்கு வருஷத்துக்கு முன்னால் அந்த மலை ஏற்றத்தில் என்ன நடந்தது என்பது அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் தம்பியின் காதைத் திருகியிருப்பேன்.

எண்பத்திரண்டு டிகிரி என்று பொறித்த ஒரு தெர்மோஸ்டாட்டை எடுத்துக் கொடுத்தேன். மறுநாள் காலை கடை திறக்கும்போதே வாசலில் நின்றார்.

"எழுபத்தொண்ணுலயே திறந்துடுதுங்க."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பாத்திரத்துல போட்டுப் பார்த்தேன்."

வேறு கம்பெனியுடையதைக் கொடுத்தேன். அதற்கு மறுநாளும் வந்தார். "எண்பத்திரண்டுல சரியாத் திறக்குது. ஆனா ஆறினதுக்கு அப்புறம் முழுசா மூட மாட்டேங்குது. ஒரு காகிதம் போற அளவு இடைவெளி நிக்குது." காகிதத்தையும் கையோடு கொண்டுவந்திருந்தார். மூன்றாவது திறந்தது, மூடியது, எல்லாம் சரி. ஆனால் அடியில் தட்டு இல்லை.

"தட்டு இல்லன்னா என்ன சார், அதுல சோறு போட்டா சாப்பிடப் போறீங்க?" என்றேன், கோபத்தில். புத்தகத்தில் படத்தைக் காட்டி விளக்கியவளே நான்தான். தட்டில்லாத சரக்கைக் கொடுத்ததும் நான்தான். அவர் அதைச் சொல்லிக் காட்டவில்லை. பெட்டியை மெதுவாக மேசைமேல் வைத்தார். "ஞாயித்துக்கிழமைக்குள்ள வேணும் கடைக்காரம்மா. எப்படியாவது பாருங்க" என்றார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. அன்று மாலைதான் அந்தச் சுவரொட்டியை எழுதினேன். எழுதி ஒட்டிவிட்டு, தெரிந்த கடைகளுக்கெல்லாம் ஒவ்வொன்றாகப் போன் செய்ய ஆரம்பித்தேன்.

இழுத்து மூடப்போகிற ஒரு பழைய கடையின் பெட்டியடியில் ஒன்று கிடைத்தது. வண்டி வந்த காலத்துச் சரக்கு. அடியில் தட்டு உண்டு, மேலே காற்று வெளியேற ஒரு சின்ன ஆடும் ஊசி உண்டு. வியாழக்கிழமை பஸ்ஸில் வந்து சேர்ந்தது. இதையும் கொதிக்க வைத்துவிட்டு வந்து ஏதாவது சொல்வார் என்று எனக்குப் பொறுக்கவில்லை. மதியம் கடையைச் சாத்திவிட்டு, நானே எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அவருடைய வெப்பமானியே தப்பாக இருக்கும் என்று வேறு எனக்குச் சந்தேகம்.

கதவைத் திறந்தவர் திகைத்துப் போனார். வீட்டுக்கு ஆள் வந்தால் எங்கே உட்கார வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. கூடத்தில் நான்கு நாற்காலி இருந்தது. மூன்றின்மேல் நோட்டுகள் அடுக்கியிருந்தன. மீதி ஒன்று அவருடையது என்று பார்த்தாலே தெரிந்தது. அதை எனக்குப் போட்டுவிட்டு அவர் நின்றுகொண்டார். அடுக்களையில் கழுவிக் கவிழ்த்த ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு கரண்டி. ஜன்னலுக்கு வெளியே மரப்பெட்டி ஒன்றை அவரே செய்து, வெள்ளை அடித்து, உள்ளே வெப்பமானி வைத்திருந்தார். மேசைமேல் திறந்து கிடந்த நோட்டில் அன்று காலை ஆறு, ஒன்பது, பன்னிரண்டு மணி அளவுகள் எழுதியாகிவிட்டன.

"இதையெல்லாம் யாருக்கு சார் அனுப்புறீங்க?"

"யாருக்கும் இல்ல. எழுதாம இருந்தா அந்த நேரத்துக்கு என்ன செய்யறதுன்னு தெரியல."

நான் எதற்காகச் சண்டை போட வந்தேன் என்றே மறந்துவிட்டது.

பாத்திரத்தில் தண்ணீர் வைத்தார். தெர்மோஸ்டாட்டின் வால்வு இடுக்கில் ஒரு தையல் நூலைக் கோத்து, பாத்திரத்தின் குறுக்கே வைத்த கரண்டிக் காம்பில் கட்டித் தொங்கவிட்டார். வால்வு மூடியிருக்கும்வரை நூலை இறுகப் பிடித்திருக்கும். திறந்த நொடியில் நூல் விடுபட்டு, சாமான் பாத்திரத்தின் அடியில் விழுந்துவிடும். அது விழும்போது வெப்பமானி என்ன காட்டுகிறதோ அதுதான் அது திறக்கிற சூடு. பக்கத்துக் கொட்டகையில் இருபது வருஷமாகத் தெர்மோஸ்டாட் கழற்றி எறிகிற என் தம்பிக்கு இது தெரியாது. என் சந்தேகத்துக்காக, மென்துணி வைத்த பெட்டியிலிருந்து இரண்டாவது வெப்பமானியும் எடுத்துத் தண்ணீரில் விட்டார். இரண்டும் ஒரே எண்ணைக் காட்டின.

தண்ணீர் சூடாகிற நேரத்தில்தான் அவர் பேசினார். வெப்பமானியைவிட்டுக் கண்ணை எடுக்காமலே பேசினார்.

மகளுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்திருக்கிறது. ஐந்து வருஷ ஒப்பந்தம். ஞாயிற்றுக்கிழமை மாலை விமானம். மதியம் ஒரு மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்புவாளாம். போனில் சொன்னாள். இவர் "நான் வரேம்மா, ஏர்போர்ட்டுக்கு நானே கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்ல வாயெடுப்பதற்குள், "நீங்க வர வேணாம்ப்பா. அந்த வண்டி மலை ஏறாது" என்று அவளே முடித்துவிட்டாள்.

"கோபமா சொன்னாளா?"

"இல்லங்க. சாதாரணமாத்தான் சொன்னா. அதுதான் கஷ்டமா இருந்துச்சு."

நான்கு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு ஒரு ஆபரேஷன். ஆஸ்பத்திரியில் உறவுக்காரர் கையெழுத்து வேண்டும் என்றார்கள். "காலைல எட்டு மணிக்கு அங்க இருப்பேன்" என்று இவர் வாக்குக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். மலையில் பாதி ஏற்றத்தில் வேன் பொங்கி நின்றது. போனில் சிக்னல் இல்லை. ஆறட்டும் என்று காத்திருந்து, தண்ணீர் ஊற்றி, பத்து நிமிஷம் ஓட்டி, மறுபடி நின்று, போய்ச் சேரும்போது சாயங்காலம். பக்கத்துக் கட்டிலில் இருந்த நோயாளியின் அக்கா, தானே உறவு என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டு, ஆபரேஷன் முடிந்து, மகள் கண் விழித்திருந்தாள். வண்டி நின்றுவிட்டது என்று இவர் சொன்னார். அவள் "சரிப்பா" என்றாள். சின்ன வயதில் பள்ளிக்கூட நாடகம், பரிசளிப்பு எல்லாவற்றுக்கும் அளவு எடுக்கிற நேரம் என்று சொல்லிப் போகாமல் இருந்தபோதும் அவள் இதே மாதிரிதான் "சரிப்பா" என்பாளாம்.

"மழை அளக்கிற குடுவைக்கு ஒரு நிமிஷம் பிந்தினது இல்லங்க நான். அவளுக்குத்தான் எல்லாத்துக்கும் பிந்திட்டேன். இந்த ஒரு தடவை நேரத்துக்குப் போய் நிக்கணும்."

"அப்ப நீங்க வரீங்கன்னு ஒரு போன் போட்டுச் சொல்லிடுங்க சார்."

"சொல்ல மாட்டேன்" என்றார். "சொன்னா காத்திருப்பா. காத்திருந்து நான் வரலன்னா? திரும்ப ஒருதரம் அந்த 'சரிப்பா'வை என்னால கேக்க முடியாது. சொல்லாமப் போய் நின்னுடறேன்."

அது தப்பு என்று எனக்கு அப்போதே தெரிந்தது. ஊரில் இருக்கிற அத்தனை பேருக்கும் புத்தி சொல்கிற வாய் எனக்கு. ஆனால் அந்த ஒற்றை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அவரிடம் எதையும் சொல்ல மனம் வரவில்லை. சொல்லியிருக்க வேண்டும். இன்றைக்கும் அதை நினைத்தால் என்மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

பாத்திரத்தில் டொக்கென்று சத்தம் கேட்டது. இருவரும் குனிந்து பார்த்தோம். இரண்டு வெப்பமானியிலும் எண்பத்திரண்டு. ஆறவிட்டுப் பார்த்தார், காகிதம் நுழையாமல் கச்சிதமாக மூடியது. மறுபடி சூடாக்கினார். மறுபடி எண்பத்திரண்டு. ஆறு தடவை செய்தார். ஆறு தடவையும் நான் உட்கார்ந்திருந்தேன். கடையைத் திறக்க நேரமாகிவிட்டது என்பதே எனக்கு உறைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை தம்பி அதைப் பொருத்தினான். கசிவைத் தடுக்கிற பழைய காஸ்கெட்டின் ஒட்டலைச் சுரண்டி, புதியது வைத்து, ஆடும் ஊசி மேல்பக்கம் வரும்படி உட்கார வைத்து, போல்ட்டுகளை மாற்றி மாற்றி முடுக்கினான். அவன் ஒரு வேலையை இவ்வளவு பொறுமையாகச் செய்து நான் பார்த்ததே இல்லை. கூலி வேண்டாம் என்றான். மதியம் சார் சின்ன ஏற்றம்வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். சமதளத்தில் எண்பத்து நான்கு, ஏற்றத்தில் எண்பத்தெட்டு. அதற்கு மேல் ஏறவே இல்லை. தம்பியின் தோளைத் தட்டிவிட்டுப் போனார். இவன் அன்று முழுக்க அதையே என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. இந்நேரம் மலை அடிவாரம், இந்நேரம் ஏற்றம், இந்நேரம் இறக்கம் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். "யாரோ ஒருத்தர் வண்டிக்கு நீ எதுக்கு இப்படித் தவிக்கிறே?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். நல்லவேளை, அவர்மேல் எறிய என் கையில் எதுவும் இல்லை.

திங்கள்கிழமை சார் வரவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் வந்தார். சட்டை தேய்த்துப் போட்டிருந்தார்.

"வண்டி?" என்றேன்.

"அருமையாப் போச்சு. அன்னைக்கு நின்ன இடத்தைத் தாண்டும்போது முள் எண்பத்தொன்பதுல இருந்துச்சு. தனியா உக்காந்துக்கிட்டு கை தட்டினேன்னா பாத்துக்கோங்க."

"அப்பாடா! பொண்ணு என்ன சொல்லிச்சு? உங்களைப் பார்த்து அசந்து போயிருக்குமே?"

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கடைக்கு வந்த இத்தனை வருஷத்தில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

பன்னிரண்டு மணிக்குப் போய்ச் சேர நினைத்தவர் ஐந்து நிமிஷம் முன்னதாகவே போய்ச் சேர்ந்திருக்கிறார். வீடு பூட்டியிருந்தது. கீழ்வீட்டு அம்மா வந்து, தோழி ஒருத்தி காரில் வந்ததால் பதினொரு மணிக்கே கிளம்பிவிட்டாள் என்று சொல்லியிருக்கிறார். இவர் மறுபடி வேனை எடுத்துக்கொண்டு ஏர்போர்ட்டுக்கு ஓடினார். அங்கே பயணச்சீட்டு இல்லாதவரை உள்ளே விடமாட்டார்கள். கண்ணாடிச் சுவரை ஒட்டி நடந்துகொண்டே உள்ளே தேடினார். மகள் தெரிந்தாள். பெரிய பெட்டி இரண்டோடு வரிசையில் நின்றாள். முதுகு இந்தப் பக்கம். நடுவில் இருபது அடிகூட இருக்காது. இவர் கண்ணாடியைத் தட்டக் கையைத் தூக்கியிருக்கிறார். அப்போது சட்டைப்பையில் போன் அடித்தது. அவள்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"எடுத்தேன். 'சாப்பிட்டீங்களாப்பா'ன்னா. சாப்பிட்டேன்னேன். 'என்னப்பா அங்க ஒரே சத்தம்'னா. பக்கத்துல தள்ளுவண்டியெல்லாம் உருட்டிக்கிட்டுப் போறாங்க. டிவிம்மான்னு சொல்லிட்டேன். எதுக்கு அப்படிச் சொன்னேன்னு தெரியல. பின்னாடிலேர்ந்து கூப்பிட்டு ஆச்சரியப்படுத்தலாம்னு ஒரு நினைப்பு."

"சரி, அப்புறம்?"

"அப்புறம் அவ சொன்னா. 'நல்லவேளைப்பா, நீங்க என் பேச்சைக் கேட்டு வீட்லயே இருந்தீங்க. கிளம்பியிருந்தீங்கன்னா எந்த மலையில நிக்கிறீங்களோ, யார் இருக்காங்களோன்னு நெனச்சுக்கிட்டேதான் ஏறியிருப்பேன். நீங்க வீட்ல இருக்கீங்கன்னு நெனச்சாத்தான் எனக்கு நிம்மதியா இருக்கு'ன்னா."

எனக்கு வந்ததே கோபம்! "கண்ணாடியைத் தட்ட வேண்டியதுதானே சார்! இருபது அடி! இதுக்கா மூணு தடவை என் உயிரை வாங்கினீங்க? இதுக்கா அத்தனை தடவை கொதிக்க வெச்சோம்? அப்பா இங்கதான் நிக்கிறேன், திரும்பிப் பாருன்னு சொல்றதுக்கு என்ன?" என்று கத்தினேன். கொட்டகையிலிருந்து தம்பி ஓடிவந்து நின்றான்.

"சொல்லியிருக்கலாம்" என்றார் அவர். "திரும்பிப் பார்த்திருப்பா. சந்தோஷப்பட்டிருப்பா. ஒரு நிமிஷம். அதுக்கப்புறம் இந்த மனுஷன் அந்த வண்டில எப்படித் திரும்பிப் போவாருன்னு யோசிக்க ஆரம்பிச்சுடுவா. பதினாலு மணி நேரம் ஆகாயத்துல உக்காந்துக்கிட்டு அதையே யோசிப்பா. வண்டி சரியாயிடுச்சும்மான்னு நான் சொன்னா நம்புவாளா? நான் எத்தனை தடவை சொல்லியிருக்கேன்!"

தம்பி தலையைக் குனிந்துகொண்டு திரும்பிப் போய்விட்டான். மேசைமேல் கிடந்த துணியை எடுத்துத் துடைத்த இடத்தையே துடைத்தேன்.

"வேற எதுவும் சொல்லலையா?"

"சொன்னா. 'இனிமே அந்த வண்டியை எடுத்துக்கிட்டுத் தூரமா எங்கயும் போகாதீங்கப்பா'ன்னா. ஒரு தூணுக்குப் பின்னாடி தள்ளி நின்னுக்கிட்டு, 'போக மாட்டேம்மா'ன்னேன். 'சரிப்பா'ன்னு சொல்லிட்டு, பெட்டியைத் தள்ளிக்கிட்டு உள்ள போயிட்டா."